குழாய்க்குள் இருக்கும் கான்கிரீட்

அன்பு நண்பா,

உன் மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு தூண்தான் காரணம்.

கான்கிரீட் நிரப்பிய வட்ட எஃகுக் குழாய்த் தூண் அது; மெலிந்து நெடியது. சோதனை முடிவு கையில் இருந்தது. கணினி மாதிரியோ அதைவிடக் கூடுதல் சுமையைத் தாங்கியது. நசுங்கும்போது கான்கிரீட் எவ்வளவு உப்பும் என்பதை மாதிரியில் தீர்மானிக்கும் விரிவுக் கோணத்தைப் படிப்படியாகக் குறைத்தேன். உச்சச் சுமை சோதனையோடு அப்படியே பொருந்திவிட்டது. மறுநாள் உருக்குலைந்த வடிவங்களை அருகருகே வைத்தபோதுதான் திடுக்கிட்டேன். சோதனைத் தூண் பக்கவாட்டில் வளைந்திருந்தது. என் தூண் நேராக நின்றபடியே நசுங்கியிருந்தது. சுமை ஏற்றும் முன்பே தூணில் இருக்கும் சிறு வளைவை, அந்தத் தொடக்க வளைவை, மாதிரியில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்!

அந்தக் கோணத்தில் நான் கைவைத்தது எவ்வளவு தவறு என்று பார். அழுத்தும்போது ஒரு பொருள் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும் பாய்சான் விகிதம் எஃகுக்கு 0.3, கான்கிரீட்டுக்குச் சுமார் 0.2. ஆகவே தொடக்கத்தில் குழாய்தான் அதிகம் விரிகிறது, உள்ளிருப்பதை அது இறுக்குவதே இல்லை. நுண்விரிசல்கள் பெருகிக் கான்கிரீட் உப்பத் தொடங்கிய பிறகுதான் குழாயின் பிடி இறுகுகிறது. பிடி இறுகினால் பலன் பெரிது: பக்க அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4.1 மடங்கு வலிமை கூடும் என்று ரிச்சார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1928-லேயே காட்டிவிட்டார்கள். நெடிய தூணோ அந்தக் கட்டம் வருமுன்பே வளைந்துவிடும். ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோடு 4, ஒப்புமை மெலிவு (தூண் எவ்வளவு எளிதில் வளையும் என்பதைக் காட்டும் எண்) 0.5-ஐத் தாண்டினால் இந்தக் கூடுதல் வலிமையைக் கணக்கில் சேர்க்க விடாததும் இதனால்தான். வளைவைச் சேர்க்காத பிழையை, கான்கிரீட்டின் குணத்தைத் திரித்து மறைத்திருக்கிறேன்.

கோணத்தைப் பழையபடி வைத்து, நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளைவைக் கொடுத்தேன். சுமை தானாக இறங்கியது, தூணும் பக்கவாட்டில் வளைந்தது. உச்சச் சுமை இன்னும் சற்றே விலகித்தான் நிற்கிறது. ஆனாலும் இந்த விடையைத்தான் நம்புகிறேன். உச்சச் சுமையை மட்டும் ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணைகள் இனி எனக்குப் போதாது.

உன் சதுரத் தூண்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் மூலைகள்தான் இறுகப் பிடிக்கும், தட்டையான பக்கங்கள் வெளியே பிதுங்கிவிடும். குழாயின் மேற்பரப்பில் நீ எடுத்த சுற்றுத் திரிபு (சுற்றளவுத் திசையில் குழாய் எவ்வளவு நீள்கிறது என்ற) அளவீடுகளை, மூலையில் எடுத்தவை வேறு, பக்க நடுவில் எடுத்தவை வேறு என்று பிரித்து அனுப்பு. என் மாதிரியை அவற்றோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்