ஆயில் மறைந்த பிறகும் வந்தவர்களுக்கு

எண்ணூர் முகத்துவாரத்தில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இந்த மடலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பாவைக் கேட்டால், "மொதல்ல வலை கொடுத்தவருக்குச் சொல்லும்மா" என்றார். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பழவேற்காட்டு அண்ணா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் போனது. அப்பாவின் வலை தார் பூசியதுபோல் கிடந்தது. மண்ணெண்ணெயில் அலசிப் பார்த்தோம். கறை போகவில்லை, நாற்றம்தான் கூடியது. நீங்கள் உங்கள் வலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "மீன் பட்டப்புறம் கணக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் போனீர்கள். இன்றுவரை கணக்குக் கேட்கவில்லை.

முதல் வாரம் வந்து மக்கிலும் வாளியிலும் ஆயில் அள்ளிய காலேஜ் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நன்றி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் எர்ணாவூர்க் கரையில் வாளிதான் கைகொடுத்தது. உறிஞ்ச வந்த லாரிகளின் குழாய்கள் அடைத்துக்கொண்டன. ஏன் அப்படி என்று எனக்கு அப்போது புரியவில்லை. இந்த முறை வந்த கெமிஸ்ட்ரி டீச்சர் அக்காதான் புரியவைத்தார். கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் ஏற்கெனவே தார் மாதிரி கெட்டி. அலை அதைத் தயிர் கடைவதுபோலக் கடைந்து தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். கொட்டிய அளவைவிடப் பல மடங்கு பெருத்து, பசைக்குழம்பாகிக் கரையேறும். அதைக் குழாய் எப்படி இழுக்கும்?

செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பியவர்களுக்கும் ஒரு நன்றி. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பறவைகளைக் காப்பாற்றும் பறவைக்காரர்கள் வந்தார்கள்.

பறவைக்காரர்களே, ஒரு கூழைக்கடாவைப் பிடித்துவிட்டு நான் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தது நினைவிருக்கிறதா? "முதல்ல சூடு, அப்புறம் சாப்பாடு, கழுவறது கடைசிதான்" என்று தடுத்தீர்கள். அதன் இறகுகள் சின்னச் சின்னக் கொக்கிகளால் பின்னிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் காக்கின்றன. எண்ணெய் பட்டால் பின்னல் கலைந்து உடம்பு நனையும், சூடு போய்விடும். சுத்தம் செய்ய அலகால் கோதக் கோத, எண்ணெய் வயிற்றுக்குள் இறங்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நீங்கள் இறகு இறகாக அலசியதைக் குப்பமே சுற்றி நின்று பார்த்தது. தோலில் ஒட்டிய ஆயிலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள் என்று சொன்ன டாக்டரம்மாவுக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக மூன்றாவது மாதம் வந்தவர்களுக்கு. தண்ணீர் பார்வைக்குத் தெளிந்துவிட்டது, கேமராக்கள் போய்விட்டன. டீச்சர் அக்கா மட்டும் நாலு மாணவர்களோடு திரும்பி வந்து, முட்டி அளவு சேற்றில் இறங்கினார். கால் வைத்த இடத்தில் வானவில் நிறத்தில் படலம் மேலே வந்தது. அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர்களில் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. அந்த வேர்கள் காற்று வாங்கும் துளைகள் அடைபட்டால் செடி மூச்சு முட்டிச் சாகும் என்றார். மடவை மீன் நீந்தித் தப்பித்துவிடும். மட்டிச் சிப்பி எங்கே போகும்? இருந்த இடத்திலேயே தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், எண்ணெயையும் சேர்த்து உடம்பில் ஏற்றிக்கொள்ளும். மீன் முட்டையும் குஞ்சும் அதைவிட மென்மை. பல்லில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் ஆயா ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க கைக்கு எப்பவோ தெரியும்மா" என்றார்.

காசிமேட்டு மீன்கார அக்காவுக்கு என்ன சொல்வது? அப்பா கொண்டுபோன மடவையை முகர்ந்து பார்த்து, "டீசல் வாடை வருது, இத வித்தா என்கிட்ட வாங்கறவங்களுக்குத் துரோகம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். அப்பாவுக்குக் கோபம்தான். சாயங்காலமே வீட்டுக்கு வந்து, கையில் ஐயாயிரம் கொடுத்துவிட்டு, "மீன் நல்லா வந்தா எனக்குத்தான் போடணும்" என்றீர்கள். அந்த மாதம் அரிசி வாங்கியது அந்தப் பணத்தில்தான்.

டீச்சர் அக்கா, உங்களுக்கு இன்னொரு விஷயம். டேங்கர் கப்பல் விபத்துகள் 1970-களைவிட இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன, கரையிலிருந்து கால்வாய்களில் எண்ணெய் ஓசையில்லாமல் இறங்குவதையும் கவனிக்க வேண்டும் என்றீர்கள். அப்போது எங்கள் படகின் பழைய எஞ்சின் ஆயிலை எங்கே ஊற்றுகிறோம் என்றும் கேட்டீர்கள். அப்பா பதில் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். இப்போது வீட்டுப் பின்னால் ஒரு கேன் இருக்கிறது. நிறைந்ததும் மெக்கானிக் கடைக்கு எடுத்துப்போகிறார். என்னிடம் சொல்லவில்லை, நானாகப் பார்த்தேன்.

வலை கொடுத்த அண்ணா, இந்த மாதம் நண்டு கொஞ்சம் படுகிறது. கணக்குப் பார்க்க எப்போது வருகிறீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார்.