செருப்புச் சில்லு

யாழ்ப்பாணம்,
பொங்கலுக்கு மறுநாள்.

அன்புள்ள தம்பி,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் 'சுகமென அறிகிறேன்' என்றுதான் எழுதுவேன்.

போனில் கதைத்தால் 'சாப்பிட்டியா, ஓம், அங்கே குளிரா, ஓம்' என்று இரண்டு ஓமோடு முடிந்துவிடுகிறது. பக்கத்து வளவு ரீச்சரின் மகள் வருகிற கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகிறா. பார்சலோடு இதையும் அவவிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதம் என்றால் நீ நடுவில் 'வேறென்ன அம்மா?' என்று கேட்டு முடிக்க ஏலாது.

அங்கே கடும் பனி என்று செய்தியில் காட்டினார்கள். காரை மெதுவாக ஓட்டு. றோட்டில் பனி உறைந்தால் உராய்வு குறைந்துவிடும். பிறகு நீ எவ்வளவு பிரேக் அடித்தாலும் போகிற கார் போய்க்கொண்டுதான் இருக்கும். நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் 34 வருசம் இதைத்தான் படிப்பித்தேன். காதையும் மூடிக்கொள். சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் குத்தும்.

நேற்று நீ வீடியோவில் வந்தபோது பின்னால் பச்சைச் சுவர் தெரிந்தது. உங்கள் ஹோல் வெள்ளை. பெயின்ற் மாற்றியிருப்பாய், சரி. பேரன் நித்திரை என்றாய். நத்தாருக்கும் நித்திரை, வருசப்பிறப்புக்கும் நித்திரை, பொங்கலுக்கும் நித்திரை. நல்ல நித்திரைக்காரன், உன்னைப்போல் இல்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன்னுடைய கோல் வந்தால் பேப்பரை வைத்துவிட்டுக் கதவடியில் வந்து நிற்கிறார். போன கிழமை சின்னம்மா லண்டனிலிருந்து எடுத்து, "அக்கா, உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ?" என்று தொடங்கினா. கறி அடிப்பிடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் கறியே இல்லை.

இனி இங்கத்தைப் புதினம். சனிக்கிழமைகளில் எங்கள் விறாந்தைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ரியூசன் இல்லை, காசும் இல்லை. தரம் 10 விஞ்ஞானத்தில் இயக்க விதிகள் வருகிறது, உனக்குத் தெரியும். மூன்று விதியும் எல்லாருக்கும் பாடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் 'ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு' என்று ஒப்பிப்பார்கள். சைக்கிளை மிதித்தால் அது ஏன் முன்னுக்குப் போகிறது என்று கேட்டேன், ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. கொப்பியை மூடச் சொன்னேன். பலூன் கார் செய்வோம் என்றேன்.

வெறுந் தண்ணீர்ப் போத்தல், நாலு மூடி, ஸ்ட்ரோ, பலூன், மை முடிந்த பேனையின் கூடு. அச்சுக்கு அப்பா ஈர்க்குச் சீவித் தந்தார். ஈர்க்கு வளைந்துபோயிற்று. பிறகு சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட கம்பியை எடுத்து வந்தார், அது சரிவந்தது. (பொழுதெல்லாம் பேப்பரோடு இருக்கிற மனிசன், இப்போது சனிக்கிழமை விடிய எழும்பிக் குறடு தேடுகிறார்.) முதல் நாள் ஒரு காரும் அசையவில்லை. எல்லாரும் அச்சைப் போத்தலோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள், சில்லு எப்படிச் சுற்றும்? ஸ்ட்ரோவைப் போத்தலில் ஒட்டி, அதற்குள்ளே கம்பியை விட்ட பிறகுதான் உருண்டது. மூடியில் துளை நட்டநடுவில் விழாவிட்டால் கார் நொண்டுகிறது. ஒரு பொடியன் ஆணியைச் சுட்டு அச்சொட்டாக நடுவில் குத்துகிறான். அவனுக்கு உன்னுடைய கை.

பலூனை ஊதும்போது முதல் இரண்டு மூச்சுத்தான் கஷ்டம், பிறகு தானாக விரிகிறது. அகன்ற குழாய் வைத்தவனின் கார் பாய்ந்து போய்ச் சட்டென்று நின்றது. பேனைக் கூடு வைத்தவளின் கார் ஆறுதலாக, கன நேரம் போனது. ஒரு காரின் மேலே முற்றத்துக் கல்லொன்றை வைத்து, அதே அளவு ஊதி விட்டோம். ஊர்ந்தது. 'திணிவு கூட, ஆர்முடுகல் குறையுது' என்று நான் வாய் திறக்கமுன் அவர்களே சொன்னார்கள். எனக்கு அன்று சோறே தேவைப்படவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வேறு. பலூன் சூம்பின பிறகும் கார் சிவப்புச் சீமெந்தில் உருண்டுகொண்டே போனது. "இப்ப ஆர் ரீச்சர் தள்ளுறது?" என்று கேட்டான் சின்னவன் ஒருவன். ஒருவரும் தள்ளவில்லை. போய்க்கொண்டிருக்கிறது போய்க்கொண்டிருக்கும். நிற்கிறதுக்குத்தான் காரணம் வேண்டும். அதே காரை முற்றத்து மணலில் விட்டோம், ஒரு சாணில் நின்றுவிட்டது.

நியூட்டன் ஆர் என்று கேட்டார்கள். 1687-இல் இலத்தீனில் புத்தகம் எழுதினவர் என்றேன். தகப்பன் இவர் பிறக்கமுன்பே செத்துப்போனார், மூன்று வயதில் தாயும் மறுமணம் செய்து போய்விட அம்மம்மாவிடம் வளர்ந்தவர் என்றும் சொன்னேன். பிள்ளைகள் இங்கேயும் அங்கேயுமாக வளர்ந்தாலும் கெட்டிக்காரராக வரலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தாயின்மேல் இருந்த கோபம் பெரியாளான பிறகும் போகவில்லையாம். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பலூனுக்கு வருகிறேன்.

மூன்றாம் சனி, மூன்றாம் விதி. பலூன் காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, காற்று காரை முன்னுக்குத் தள்ளுகிறது என்று சொல்லி முடிக்கவில்லை, பேனைக் கூட்டுக்காரி எழும்பினாள். "ரீச்சர், ரெண்டும் சமன், ரெண்டும் எதிர் எண்டால் ஒண்டோடை ஒண்டு வெட்டுப்பட்டுப் போகாதோ? பிறகு கார் எப்பிடி அசையும்?"

என் கையில் பலூன் இருந்தது. விட்டுவிட்டேன். அது விறாந்தையெல்லாம் சுற்றிப் பறந்து சாமித்தட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது.

தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கும்.

1994, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு. அந்தக் காலத்தில் சண்டையால் பற்றரிக்குத் தடை. விளையாட்டுக் கார் என்றால் காற்றில்தான் ஓடவேண்டும். கோயில் வீதியில் வாங்கின பலூன் இரண்டில் ஒன்றை நீ ஊதாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தாய். மீன் ரின்னில் உடம்பு, குடைக்கம்பியில் அச்சு, அப்பாவின் தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு. என்னுடைய வகுப்புக்கே கொண்டுவந்து மேசையில் ஓட்டிக் காட்டினாய். பொடியள் எல்லாம் எழும்பி நின்று பார்த்தார்கள். பிறகு நீ இதே கேள்வியைக் கேட்டாய். கிட்டத்தட்ட இதே சொல்லில்.

எனக்கு விடை தெரியவில்லை. அவ்வளவுதான். பத்து வருசத்துக்கு மேலாக அந்த விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகள், கேட்கிறது என் பிள்ளை, அதிபர் வேறு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். "வகுப்பிலை விளையாட்டோ?" என்று சத்தம் போட்டு உன்னை வெளியே நிற்பாட்டினேன். காரை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மணி அடிக்கும்வரை நீ வேம்புக்குக் கீழே நின்றாய். யன்னலால் பார்த்தேன், உள்ளே கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் நீ எதிர்த்துக் கதைத்தாய் என்று சொன்னேன். அவரும் பேசினார். நீ ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருசம் ஒக்ரோபர் 30, சண்டை கிட்டவந்து எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். மழை. உன்னுடைய சான்றிதழ், நகை, அரிசி எல்லாம் எடுத்தேன். கார் பள்ளிக்கூட அலுமாரியில். 1996-இல் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

விடையைச் சாவகச்சேரியில் இருந்தபோது ஒரு பழைய புத்தகத்தில் கண்டுபிடித்தேன். மூன்று வரி. இரண்டு விசையும் ஒரே பொருளில் பட்டால்தான் வெட்டுப்படும். ஒன்று காற்றில் படுகிறது, மற்றது காரில் படுகிறது. காரின் கணக்கைப் பார்க்கும்போது காரில் படுவதை மட்டும் எடு. குறிகாட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்திலிருந்து பெரியப்பா பாய்ந்து இறங்க, வள்ளம் பின்னுக்குப் போய் அவர் தண்ணீருக்குள் விழுந்தாரே. அவர் வள்ளத்தைத் தள்ளினார், வள்ளம் அவரைத் தள்ளியது. இரண்டும் வெட்டுப்படவில்லை, அதுதான் வேட்டி நனைந்தது.

அன்றைக்கு இரவே உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். நீ பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தாய். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதச் சொன்னதை எழுதினாய். கணிதப் பிரிவு என்றேன், போனாய். மொறட்டுவைக் கம்பஸ் கிடைத்தது. நீ அடக்கமான பிள்ளை, எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போதும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த அடக்கம் எங்கே தொடங்கினது என்று யோசிக்கிறேன். ஒருவரிடம் கேட்டால் வெளியே நிற்பாட்டுவார் என்று தெரிந்தால், சொல்லவேண்டியதையும் அவரிடம் சொல்லாமல் விடத்தானே தோன்றும்.

1920-இல் ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகை, வெற்றிடத்தில் ரொக்கெற் போகாது, கொடார்ட் என்ற விஞ்ஞானிக்குப் பள்ளிக்கூடப் பாடமே தெரியாது என்று எழுதியது. அவர்களும் மூன்றாம் விதியைப் பிழையாகத்தான் விளங்கியிருந்தார்கள். 1969 ஜூலையில், அப்பலோ 11 சந்திரனுக்குக் கிளம்பின மறுநாள், பிழை என்று ஒத்துக்கொண்டார்கள். 49 வருசம். கொடார்ட் செத்தே 24 வருசம். நான் 31 வருசத்தில் ஒத்துக்கொள்கிறேன், ஆளும் உயிரோடு இருக்கிறது. பிழை என்னுடையது, தம்பி. உன்னுடைய கேள்வி நல்ல கேள்வி.

அந்தப் பிள்ளைக்கு விடையைச் சொன்னேன். இதே கேள்வியை 1994-இல் ஒரு பொடியன் கேட்டான், எனக்குத் தெரியாததால் அவனை வெளியே நிற்பாட்டினேன் என்றும் சொன்னேன். விறாந்தை கப்சிப். "அவர் இப்ப எங்கை ரீச்சர்?" என்றாள். "கனடாவிலை பெரிய இஞ்சினியர்" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. நீ இப்போது என்ன வேலை செய்தாலும் எனக்கு ஒன்றுதான். எந்த வீட்டிலிருந்து செய்தாலும்.

உங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் எங்களுக்குக் காலை எட்டு. அந்த நேரம் அப்பா கடைக்குப் போயிருப்பார், நான் தனியத்தான் இருப்பேன். எடுக்கவேண்டும் என்றில்லை. எடுத்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன், நீ கதை.

காரை மெதுவாக ஓட்டு. காதை மூடு. கண்ட நேரத்தில் சாப்பிடாதே.

பார்சலில் ஒடியல் மா, மோர்மிளகாய், மிளகாய்த்தூள், பனங்கட்டி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு பையாகக் கட்டியிருக்கிறேன், எது எங்கே போகவேண்டுமோ அங்கே போகட்டும். மருமகளின் பையில் தூள் உறைப்புக் குறைவு, அவவுக்குத் தெரியும். பேரனுக்குப் பலூன் ஆறு. சில்லுக்கு அப்பா தன்னுடைய பழைய செருப்பை வெட்டித் தந்திருக்கிறார், நாலு வட்டம். துளை நடுவில்தான் இருக்கிறது, நான் பார்த்தேன்.

அன்புடன்,
அம்மா