ஆற்றுக் கப்பலா, கடற்கப்பலா?

திருகோணமலை

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே வாடை தொடங்கிவிட்டது. மகாவலி வந்து விழும் பக்கம் கொட்டியாரக்குடாத் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கிடக்கிறது. அக்கா சுகமாய் இருக்கிறா. முழங்கால் நோதான் விட்டபாடில்லை. ஆனாலும் உங்களோடு வருவதென்று முடிவெடுத்து, பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டா.

மத்தியதரைக் கடலில் பெரிய கப்பலா, ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பலா என்று கேட்டிருந்தாய். உங்கள் மூன்று பேருக்கும் ஆறுதான் சரி. கடற்கப்பலில் கப்பல்தான் ஊர். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஒஃப் த சீஸ்’ 365 மீற்றர் நீளம், 20 தளங்கள். நிறைந்தால் 7,600 பயணிகள். பேரப்பிள்ளைகளும் வருவதாயிருந்தால் கடற்கப்பலைத்தான் சொல்லியிருப்பேன். ஆற்றுக் கப்பலில் ஒரு சாப்பாட்டு மண்டபம், ஒரு கூடம், திறந்த மேல்தட்டு, அவ்வளவுதான். ஆட்களும் 190க்கு மேல் போவது அரிது. அங்கே காசு கொடுப்பது கரைக்காக.

கடற்கப்பல் அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். கப்பல் கட்டுவதோ சிவிற்றாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீற்றர். ‘புளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. பகற்பொழுதில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். டான்யூப் ஆற்றில் பாசாவ், வியன்னா, புடாபெஸ்ட் எல்லாம் இறங்கினால் ஊர்தான். களைத்தால் அக்கா திரும்பிவந்து படுக்கலாம், பிறகு மறுபடியும் இறங்கலாம்.

தங்கச்சிக்குப் படகில் ஏறினாலே சத்தி வருமே, அதற்கும் ஆறுதான் நல்லது. கடற்கப்பலின் இருபக்கமும் தண்ணீருக்கடியில் உள்ள செட்டைகள் பக்கவாட்டு உருட்டலை மட்டும்தான் குறைக்கும். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுவதை அவற்றால் நிறுத்த முடியாது.

ஆனால் ஆற்றின் ஆபத்து தண்ணீர்மட்டம். இதை விளம்பரப் புத்தகத்தில் யாரும் எழுத மாட்டார்கள். றைன் நதியில் பிங்கனுக்கும் கோப்லென்சுக்கும் இடையில் கவுப் என்ற ஆழம் குறைந்த இடம்தான் கழுத்து. 2018 ஒக்டோபரில் அங்கே அளவுகோல் 25 சென்ரிமீற்றருக்கு இறங்கியது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதே, அது ஆழமல்ல. கப்பலோடும் பாதை அதைவிட 1.1 மீற்றரளவு ஆழம். அப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய 1.4 மீற்றர்தான், ஒன்றரை மீற்றருக்கு மேல் தண்ணீருக்குள் அமிழும் கப்பல் போகாது. டான்யூபில் இதே சங்கடம் ஸ்ட்ரௌபிங்குக்கும் வில்ஸ்ஹோபனுக்கும் இடையில். அந்த 70 கிலோமீற்றர் வரையான துண்டில் தண்ணீரைத் தேக்கும் அணையில்லை. ஆகவே நியூரம்பேர்க்கில் ஏறாதே. பாசாவில் ஏறிப் புடாபெஸ்டில் இறங்கு, அந்தத் துண்டு உன் வழியிலேயே வராது.

தண்ணீர் கூடினாலும் வில்லங்கம்தான். றைனையும் டான்யூபையும் இணைக்கும் றைன்-மைன்-டான்யூப் கால்வாயில் பாலங்களுக்குக் கீழே 6 மீற்றர்தான் இடைவெளி. மாலுமியின் அறையையே கீழிறக்கித்தான் கப்பல் நுழையும், மேல்தட்டில் அப்போது ஆட்கள் நிற்கக்கூடாது. 2013 ஜூனில் பாசாவில் வெள்ளம் 12.89 மீற்றருக்கு ஏறியது. அந்த மட்டத்தில் எந்தக் கப்பலும் அசையாது. இருந்தாலும் வைகாசி, ஆனியைத்தான் சொல்வேன். மலையில் பனி உருகும் காலம், ஆற்றில் தண்ணீர் நிற்கும். புரட்டாதி, ஐப்பசியில் வற்றும் பயம் கூட.

வழி அடைபட்டால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேள். பல கப்பல் வைத்திருக்கும் கம்பனி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தன் இன்னொரு கப்பலுக்கு உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடும். அறை இலக்கம்கூடப் பெரும்பாலும் மாறாது. ஒரே கப்பல்தான் என்றால் ஹோட்டலும் பஸ்ஸுமாகத்தான் மிச்சப் பயணம். காசு திருப்பித் தரமாட்டோம் என்பது பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். அதனால் ஒரே ஆற்றில் பல கப்பல் ஓட்டுபவர்களையே பிடி.

அறை எடுக்கும்போது கவனம். அடித்தளத்து ஜன்னல் தண்ணீரோடு ஒட்டியிருக்கும், திறக்கவும் முடியாது. பின்பக்கம் இயந்திரச் சத்தம். முன்பக்கம் இரவில் லொக்குக்குள், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள், நுழையும்போது தள்ளுவிசிறி உறுமி நித்திரையைக் குழப்பும். 11.45 மீற்றர் அகலக் கப்பல் 12 மீற்றர் அகலத் தொட்டிக்குள் போகிறதென்றால் பக்கத்துக்கு ஒரு சாண்தான் மிச்சம். சுவரில் இடிக்கத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை. நடுத்தளத்தில், கப்பலின் நடுவில் எடு. ‘பிரெஞ்சு பால்கனி’ என்றால் கதவும் கம்பியும் மட்டுமே, கதிரை போட இடமிராது. அதற்குப் பெருந்தொகை கொடுக்காதே.

அக்காவின் முழங்காலுக்காக ஒன்று. துறையில் இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று கப்பலைப் பக்கம் பக்கமாகக் கட்டுவார்கள். அடுத்த கப்பலின் கூடத்தினூடாகவோ, சிலவேளை மேல்தட்டில் ஏறி இறங்கியோதான் கரைக்குப் போகவேண்டும். லிஃப்ட் பல கப்பல்களில் மேல்தட்டுக்கும் அடித்தளத்துக்கும் போவதில்லை. அவ வெள்ளியில் மரக்கறி என்பதையும் பதியும்போதே சொல்லிவிடு.

வாஹாவ் பள்ளத்தாக்கை, அதுதான் மெல்க்குக்கும் கிறெம்சுக்கும் இடைப்பட்ட துண்டு, பகலில் கடக்கும் அட்டவணையாகப் பார்த்து எடு. முந்திரிகைத் தோட்டமும் பழைய கோட்டைகளும் கரையோடு வரும். அதை இரவில் கடந்தால் நீ கொடுத்த காசில் பாதி வீண்.

விசா விசயம்: உங்கள் இருவருக்கும் கனடாப் பாஸ்போட், கவலையில்லை. அக்காவுக்கு செங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். புடாபெஸ்டோடு நிறுத்தினால் ஜேர்மனி, ஒஸ்ற்றியா, சிலோவாக்கியா, ஹங்கேரி எல்லாம் செங்கனுக்குள்தான். பெல்கிறேட்டுக்கும் போக ஆசைப்பட்டால் செர்பியா வெளியே. திரும்ப நுழையப் பலமுறை நுழையும் விசா கேட்டிருக்கவேண்டும். கொழும்பில் நேர்முகத்துக்கு நாள் கிடைக்கத் தாமதமாகலாம். திகதியைத் தை மாதத்துக்குள் முடிவுசெய்து அனுப்பு, கப்பலின் தள வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு. எந்த அறை என்று பார்த்து எழுதுகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்