அபராதம் கஜானாவுக்கு, நஷ்டம் அண்ணாச்சிக்கா? – டிராய்க்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புதுடெல்லி.

நகல்: செயலர், தொலைத்தொடர்புத் துறை.

பொருள்: வாடிக்கையாளரின் எண்ணை அடுத்தவர் கையில் கொடுத்துவிடும் செல்போன் கம்பெனி, அதனால் வரும் நஷ்டத்தையும் ஏற்க வைப்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, வரப்புத் தகராறு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், யார் கையெழுத்தில் நிற்கும் என்பது அத்துப்படி. சில வருடங்களாகப் புது வகை மனு ஒன்று வருகிறது. "என் நம்பரை வேற ஒருத்தனுக்குக் கொடுத்துட்டாங்க, பேங்க்ல இருந்த காசு போச்சு." இதை மட்டும் யாருக்கு எழுதுவது என்று எனக்கே பிடிபடவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். முகூர்த்த மாதம், சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். மத்தியானத்துக்குப் பிறகு போனில் சிக்னல் இல்லை. டவர் கோளாறாக இருக்கும் என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ராத்திரி கணக்கு முடிக்கும்போதுதான் பக்கத்துக் கடைக்காரருக்கு அதே கம்பெனி சிம்மில் சிக்னல் இருப்பது தெரிந்தது. மகன் தன் போனிலிருந்து கஸ்டமர் கேருக்கு அடித்தான். அங்கே நடந்த பேச்சை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பதிவு செய்த எண்ணிலிருந்து அழையுங்கள் சார்."

"அந்த நம்பர்தாங்க வேலை செய்யல."

"அப்படியென்றால் சரிபார்ப்புக்காக அந்த எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்புகிறேன். வந்ததும் சொல்லுங்கள்."

ஐயா, அந்த நேரத்தில் அந்த எண் வேறொரு மாநிலத்தில், அண்ணாச்சி கால் வைத்தே இராத ஊரில், எவனோ ஒருவனின் போனில் உயிரோடு இருந்தது. ஓடிபி போயிருந்தால் அவனுக்குத்தான் போயிருக்கும். எண் திருடு போனவன், எண் தன்னுடையது என்பதை அந்த எண்ணை வைத்தே நிரூபிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். இதற்கு யார் அனுமதி கொடுத்தது? புகாருக்கு 198 என்று விளம்பரம் செய்கிறீர்கள். சிம் செத்துப்போனவன் 198-க்கு எதிலிருந்து அடிப்பான்?

திங்கட்கிழமை ஷோரூம் திறந்ததும் போனார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண்பிள்ளை சாதாரணமாகச் சொன்னது: "உங்க சிம்மை சனிக்கிழமையே மாத்திக் கொடுத்தாச்சே சார்." அதற்குள் கடைக் கணக்கிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. நல்ல வேளையாக மகன் ஞாயிறே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணியிருந்ததால் ஒரு சிறு தொகை வழியில் முடக்கப்பட்டது. மீதி போனது போனதுதான்.

இனி, விதிகளுக்கு வருகிறேன். விதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. சிம் மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்தால் பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ, தானியங்கி அழைப்பு வழியாகவோ உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அவர் இல்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். மாற்றிக் கொடுத்த பிறகும் 24 மணி நேரத்துக்குப் புது சிம்மில் குறுஞ்செய்தி வரவும் கூடாது, போகவும் கூடாது. திருடன் கைக்கு ஓடிபி போகாமல் தடுக்கத்தான் இந்த 24 மணி நேரம். நீங்களும் உங்கள் பங்குக்கு, 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாதபடி விதியைத் திருத்தினீர்கள். நல்ல திருத்தம், மறுப்பதற்கில்லை.

அண்ணாச்சிக்குச் சம்மதம் கேட்டு எந்தச் செய்தியும் வரவில்லை, எந்த அழைப்பும் வரவில்லை. சிம் மாறிய அன்று மாலையே ஓடிபிகள் புது சிம்முக்குப் போயிருக்கின்றன என்பது வங்கி கொடுத்த பட்டியலிலேயே நேரத்தோடு இருக்கிறது. இரண்டு விதியும் மீறப்பட்டிருக்கிறது. அடுத்து என்ன? என் மனு முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். விதியை மீறினால் கம்பெனி அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும். பணத்தைத் தொலைத்தவனுக்கு என்ன பதில் என்று அந்த உத்தரவுகளில் ஒரு வரி இல்லை.

கம்பெனியின் பதிலையும் படித்துக் காட்டுகிறேன். முதல் புகாருக்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி, என்ன தீர்ந்தது என்று இல்லை. மேல்முறையீட்டுக்கு வந்த பதில், "நடைமுறைப்படியே சிம் மாற்றப்பட்டுள்ளது. வங்கி விவரங்களைப் பாதுகாப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு". சரி, அந்த நடைமுறையைக் காட்டுங்கள், சிம் கேட்டு வந்தவன் கொடுத்த விண்ணப்பம், அவன் போட்டோ, எந்தக் கடையில் எந்த ஏஜென்ட் ஏற்றினார் என்ற விவரம், இவற்றின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்க முடியாதாம். வாடிக்கையாளரின் தனியுரிமையைக் காக்க வேண்டுமாம். ஐயா, அந்தப் படிவத்தில் இருப்பது அண்ணாச்சியின் பெயர், அண்ணாச்சியின் ஆதார் எண். முகம் மட்டும்தான் திருடனுடையது. அப்படியானால் அவர்கள் யாருடைய தனியுரிமையைக் காக்கிறார்கள்?

"நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் தெரிந்திருந்தால்தானே திருட முடியும், அதற்கு நாங்களா பொறுப்பு?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், தட்டிக்கழிக்கவில்லை. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி உண்டு, ஒன்று நம்மிடம், ஒன்று வங்கியிடம். நம் சாவி களவு போனாலும் வங்கி தன் சாவியைக் கண்டவனுக்குக் கொடுக்காது என்ற நம்பிக்கையில்தான் நகையை அங்கே வைக்கிறோம். பாஸ்வேர்டு எப்படிப் போனது என்பதைப் போலீஸ் கண்டுபிடிக்கட்டும். ஆனால் இரண்டாவது சாவியைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தது கம்பெனி. அந்தப் பங்குக்கு அது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வங்கியின் விஷயத்தில் ரிசர்வ் வங்கி என்ன செய்தது என்று பாருங்கள். 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, அமைப்பில் வேறெங்கோ இருக்கிறது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே கிடையாது. பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்றால் அதை நிரூபிப்பது வங்கியின் வேலை. அந்த "வேறெங்கோ" பெரும்பாலும் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட கம்பெனிகள்தான். நடைமுறையில் வங்கி, "ஓடிபி சரியாகப் போடப்பட்டது, போன் கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறது. போன் கம்பெனி, "வங்கியைக் கேளுங்கள்" என்கிறது. வங்கிமேலான புகார் தனியாக வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை. என் கேள்வி, வங்கிகளுக்கு இருக்கும் இப்படி ஒரு சுற்றறிக்கை செல்போன் கம்பெனிகளுக்கு ஏன் இல்லை?

உங்களிடம் வந்தால், தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை என்று சொல்லி, மனுவை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிவைக்கிறீர்கள். 2012-ஆம் ஆண்டு விதிப்படி கம்பெனியின் புகார் மையம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனி. வங்கிக்கு ஆம்புட்ஸ்மேன், அதாவது தனிக் குறைதீர்ப்பாளர் உண்டு, இன்சூரன்ஸுக்கு உண்டு, தொலைபேசிக்கு இல்லை. இத்தனைக்கும் 2017 மார்ச்சில், தொலைத்தொடர்புக்கு ஆம்புட்ஸ்மேன் வேண்டும் என்று பரிந்துரை செய்தது நீங்களேதான். பரிந்துரை டெல்லியில் எந்த மேஜையில் இருக்கிறதோ, எனக்கு அந்த மேஜை பழக்கமில்லை.

நீதிமன்ற வழி என்று பார்த்தால், 2009-இல் உச்ச நீதிமன்றம் தந்தி சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசித் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போகக் கூடாது என்றது. 2022 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அகமதாபாத்திலிருந்து வந்த செல்போன் பில் வழக்கில், தாராளமாகப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இடையே பதின்மூன்று வருடம், எத்தனை பேர் பாதியில் திரும்பிப் போனார்களோ. அண்ணாச்சியின் வழக்கும் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பதிகாரி, ஐந்து கோடி வரையிலான இழப்பீட்டு வழக்கை அவர் விசாரிக்கலாம். இந்த வழியில் 2021-இல் ராஜஸ்தானில் சிம் வழக்கு ஒன்றிலேயே தீர்ப்பு வந்தது. சரிபார்க்காமல் டூப்ளிகேட் சிம் கொடுத்த செல்போன் கம்பெனி 27 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன்பே 2010-இல் நம் சென்னையில், வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவரின் கணக்கிலிருந்து போன பணத்துக்கு ஒரு தனியார் வங்கி 12 லட்சத்து 85 ஆயிரம் தர உத்தரவானது. பணம் போனது 2007-இல். மேல்முறையீடு டெல்லித் தீர்ப்பாயத்தில் முடிந்தது 2019-இல். அவர் ஜெயித்தார் என்பது உண்மைதான். பாத்திரக்கடை வியாபாரி பன்னிரண்டு வருடம் தாங்குவாரா?

இதில் என் வயிற்றைக் கலக்கும் சங்கதி ஒன்று உண்டு. தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையே, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கச் சொல்கிறது. பதிலுக்கு 250 கோடி வரை அபராதம் வைத்திருக்கிறார்கள். படித்தபோது பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன், இன்னும் சில பிரிவு தள்ளிப் படிக்கும் வரை. அபராதம் முழுக்க இந்தியத் தொகுநிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க அதில் வழியில்லை. பதிவு செய்யாத ஏஜென்டை வைத்து சிம் விற்றால் கம்பெனிக்குப் பத்து லட்சம் அபராதம் என்பது 2023-இல் வந்த இன்னொரு உத்தரவு, அதுவும் அரசுக்கே. ஏமாற்றி சிம் வாங்கியவனுக்குத் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று வருடம் வரை சிறையோ, ஐம்பது லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. பிடிபட்டால், அதுவும் கஜானாவுக்கு. எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்று, பணம் புறப்பட்ட இடம் வேறு.

ஆகவே கேட்பது இதுதான். உரிமையாளரின் சம்மதம் பதிவாகாமல் சிம் மாற்றப்பட்டிருந்தால், அல்லது 24 மணி நேரத் தடையை மீறி ஓடிபி போயிருந்தால், நஷ்டத்தில் தன் பங்கைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட வேண்டும். தன்மேல் தவறில்லை என்று காட்டும் பாரம் கம்பெனியுடையது. வங்கிக்கு ரிசர்வ் வங்கி போட்ட அதே கணக்கு. முடிந்தால் இரண்டு அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சுற்றறிக்கையாகவே போடுங்கள், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும் வேலை மிச்சமாகும். அடுத்து, சிம் செத்தவன் எந்த போனிலிருந்தும் அழைத்து, ஓடிபி கேட்காமல், எண்ணைத் தற்காலிகமாக முடக்க ஒரு வழி வேண்டும். வேண்டுமென்றே அடுத்தவன் எண்ணை முடக்குவார்களே என்று சொல்வீர்கள். முடக்கலாம்தான். ஒருநாள் பேச முடியாமல் போவதும் ஏழு லட்சம் போவதும் ஒன்றா? ஆம்புட்ஸ்மேன் பரிந்துரையையும் தூசி தட்டி எடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இணையவழித் தகராறு தீர்வு பற்றிப் பேசுகிறது, அதற்கான விதிகளில் இழப்பீடு என்ற ஒன்றைச் சேர்க்கச் சொல்லி அரசுக்கு எழுதுவதில் உங்களுக்குத் தடையில்லை.

இவையெல்லாம் நாளாகும் என்று தெரியும். உடனே முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. டிராய் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, கம்பெனிகளுக்கு நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. சிம் மாற்ற விண்ணப்பம், அதில் ஒட்டிய போட்டோ, ஏஜென்ட் விவரம், சம்மதம் கேட்டதற்கான பதிவு ஆகியவற்றின் நகலை, எண்ணின் உரிமையாளர் கேட்ட ஏழு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், வேண்டுமானால் வரைவை நானே எழுதி அனுப்புகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனியின் வக்கீல் இன்னும் பதில் மனு தாக்கல் செய்யவில்லை, வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்குள் உங்கள் உத்தரவு வந்தால் அண்ணாச்சி கையில் அந்தப் படிவம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவன்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

இணைப்பு: கம்பெனியின் பதில்கள் இரண்டு, வங்கியின் ஓடிபி பட்டியல், 1930 புகார் ஒப்புகை, முதல் தகவல் அறிக்கை நகல்.