பெட்டி எடை சரி, பயிற்சி ஆட்டம் எங்கே? இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி சிட்னி டெஸ்ட்டில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன் அடிலெய்டிலும் மெல்பர்னிலும் ஆனதையும் நீங்கள் பார்த்தீர்கள். 2017-லிருந்து நான்கு தொடர்களாக நம்மிடம் இருந்த, ஆஸ்திரேலியாவோடு மோதும் பார்டர் கவாஸ்கர் கோப்பை 3-1 என்று போய்விட்டது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டமும் கூடவே போனது. தோற்றதற்காக இந்த மடலை எழுதவில்லை. தோற்ற பிறகு நீங்கள் எடுத்த நடவடிக்கையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வீரர்களுக்கு நீங்கள் அனுப்பியதாகப் பத்திரிகைகளில் வந்த பத்து விதிகளை நிதானமாக இரண்டு முறை படித்தேன். முப்பது நாளுக்கு மேற்பட்ட பயணமென்றால் பெட்டிகளின் எடை 150 கிலோவைத் தாண்டக் கூடாது. 45 நாளுக்கு மேல் போனால் குடும்பத்தார் இரண்டு வாரம்தான் தங்கலாம். சொந்தச் சமையல்காரர், சொந்த உதவியாளர் எல்லாம் அனுமதி பெற்றுத்தான். எல்லோரும் அணியின் பேருந்திலேயே வர வேண்டும், பயிற்சியிலிருந்து சீக்கிரம் கிளம்பக் கூடாது, தொடர் நடக்கும்போது விளம்பரப் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது. விடுதி வார்டன் சுவரில் ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தாலும் இதில் எதுவும் தப்பில்லை. உள்நாட்டு ஆட்டங்களில் ஆட வேண்டும் என்ற முதல் விதி வரவேற்க வேண்டியது, அதற்கு நன்றி.

ஆனால் பத்து விதிகளிலும் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டு டெஸ்ட் தொடருக்கு முன் அணி ஒழுங்கான பயிற்சி ஆட்டம் ஆட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வீரர்கள் செய்ய வேண்டியவை பத்து இருக்கின்றன. வாரியம் செய்ய வேண்டியது ஒன்றுகூட இல்லையா?

என் கோரிக்கை இது ஒன்றுதான். இங்கிலாந்துத் தொடரின் முதல் டெஸ்ட் ஜூன் 20-ஆம் தேதி லீட்ஸில் தொடங்குவதற்கு முன், தேர்வான முழு அணியும் அங்குள்ள கவுண்டி அணிகளோடு, அதாவது உள்ளூர் முதல்தர அணிகளோடு, நான்கு நாள் ஆட்டங்கள் இரண்டு ஆட வேண்டும். முதல்தர ஆட்டங்களாக, பதினொரு பேர் அணிகளாக, அவுட்டானால் பெவிலியனுக்குப் போகிற ஆட்டங்களாக.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்தோம்? நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 3-0 என்று தோற்று, பெங்களூரில் 46 ரன்னுக்குச் சுருண்டு, அந்தக் காயம் ஆறுவதற்குள் பெர்த்துக்குப் போனோம். அங்கே நம் இரண்டாம் நிலை அணியான இந்திய 'ஏ' அணியோடு ஆடுவதாக இருந்த ஆட்டம் ரத்தானது. நெட்ஸ் என்கிற வலைப்பயிற்சியும், நமக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் மாதிரி ஆட்டமும் போதும் என்று முடிவானது. அந்த மாதிரி ஆட்டத்தில் ஸ்லிப்பில் நின்ற சுப்மன் கில்லின் கட்டைவிரல் உடைந்தது. பயிற்சி ஆட்டம் வைத்தால் காயம் படும் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் வென்றோமே என்பீர்கள். வென்றோம். பும்ரா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எட்டு விக்கெட் எடுத்தார், ஜெய்ஸ்வால் 161 அடித்தார், கோலி சதமடித்தார். அந்த ஒரு வெற்றி நம் கண்ணை மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். குழந்தை பிறந்ததால் பெர்த்தில் ஆடாத ரோகித் சர்மாவுக்கு அடிலெய்டு பகலிரவு டெஸ்ட்டுக்கு முன் கிடைத்தது கான்பெராவில் ஒரே ஓர் ஆட்டம். இரண்டு நாள் ஆட்டம் அது. முதல் நாள் மழையில் போய், மிச்சம் 46 ஓவர் ஆட்டமாகச் சுருங்கியது. அதில் அவர் எடுத்தது 3 ரன். அங்கிருந்து நேராக டெஸ்ட்டுக்கு, அதுவும் ஆறாவது இடத்தில். தொடர் முழுக்க ஐந்து இன்னிங்ஸில் 31 ரன். கடைசி டெஸ்ட்டில் அணித்தலைவரே உட்கார வேண்டியதாயிற்று.

கோலி எட்டு முறை அவுட்டானார். எட்டும் விக்கெட்டுக்குப் பின்னால் கேட்ச். ஒரே தப்பை ஒருவர் எட்டு முறை செய்தால் அதைத் திருத்த நடுவில் எங்கே இடம் இருந்தது? நெட்ஸில் அவுட்டானால் அடுத்த பந்துக்கு அங்கேயே நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நான்கு நாள் ஆட்டத்தில் அவுட்டானால் நாள் முழுக்க உட்கார்ந்து அதையே யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்குத்தான் பயிற்சி ஆட்டம்.

கே.எல். ராகுலையும் துருவ் ஜுரெலையும் முன்கூட்டியே அனுப்பி மெல்பர்னில் 'ஏ' அணிக்கு ஆடவைத்தது நீங்கள்தான். அந்த ஆட்டத்தில் ராகுல் அடித்தது 4, 10. அதில் ஒரு தடவை பந்து கால்களுக்கு நடுவே புகுந்து ஸ்டம்பைத் தட்டியதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஆனால் டெஸ்ட் தொடரில் மட்டையை உடம்போடு ஒட்டி, பந்தைத் தாமதமாக ஆடி, நின்று பொறுமையாக 276 ரன் எடுத்தவர் அவர். 'ஏ' அணியோடு அங்கே ஆடிய நிதிஷ் குமார் ரெட்டி 298 எடுத்தார், மெல்பர்னில் சதமும் அடித்தார். இரண்டு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாதுதான். இருந்தாலும் அந்த மண்ணில் முன்பே ஆடியவர்கள் நின்றார்கள், ஆடாதவர்கள் தடுமாறினார்கள் என்பது கண்ணில் படாமல் போகுமா?

இப்போது பும்ராவுக்கு வருகிறேன். எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

தொடரில் 32 விக்கெட், சராசரி 13.06. வீசியது 151.2 ஓவர். சிராஜும் கிட்டத்தட்ட அதே அளவு வீசினார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வேறு கதை. மூன்றாவது வேகப்பந்து வீச்சாளராக முதல் இரண்டு டெஸ்ட்டுக்கு ஹர்ஷித் ராணா, அடுத்த இரண்டுக்கு ஆகாஷ் தீப், கடைசி ஒன்றுக்கு பிரசித் கிருஷ்ணா. இவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை. நவம்பரில் 'ஏ' அணிக்கு நன்றாக வீசிய பிரசித்துக்கு ஐந்தாவது டெஸ்ட் வரை முழு ஆட்டம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த சிட்னியில் ஆறு விக்கெட் எடுத்தார். உட்கார வைத்தே வைத்திருந்து, திடீரென்று எழுந்து போய் டெஸ்ட் பந்தைப் பிடி என்றால் அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? அவர்கள் மேல் நம்பிக்கை வராதபோது கேப்டன் யாரைப் பார்ப்பார்? பும்ராவைத்தான்.

மெல்பர்னில் மட்டும் அவர் 53.2 ஓவர் வீசினார். நான்காம் நாள் சாயங்காலம் ஆஸ்திரேலியாவின் லயனும் போலண்டும் கடைசி விக்கெட்டுக்கு நின்றுகொண்டு நகர மறுத்தார்கள். அன்றைய கடைசி ஓவரும் பும்ராவிடமே போனது. லயன் மட்டையில் பட்ட பந்தை ஸ்லிப்பில் ராகுல் தொடைகளுக்கு நடுவே எப்படியோ இடுக்கிப் பிடித்தார். எல்லோரும் குதித்தோம். நோ-பால். களைத்த காலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடைசி ஜோடி சேர்த்தது 61 ரன். மறுநாள் தேநீர் இடைவேளையில் 3 விக்கெட்டுக்கு 112 என்றிருந்த நாம் 155-க்கு எல்லோரும் அவுட். அதை விவரிக்க வேண்டாம், அன்று காலையே வயிறு எரிந்தது போதும்.

அடுத்து சிட்னி. ரோகித் இல்லாததால் பும்ராவே கேப்டன். இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பிறகு ஓர் ஓவர் வீசிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஆட்ட உடையை மாற்றிக்கொண்டு, காரில் ஏறி ஸ்கேனுக்குப் போவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முதுகு. மறுநாள் பேட்டிங் பண்ண வந்தார், பந்து போட வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது 162 ரன். டெஸ்ட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு ஒன்று குறைவாக, 9,999-இல் ஸ்மித்தைப் பிரசித் அனுப்பியபோது மட்டும் ஒரு நிமிடம் உயிர் வந்தது. ஆறு விக்கெட் வித்தியாசத்தில் அவர்கள் வென்றார்கள். 32 விக்கெட் எடுத்தவர், விக்கெட் தேவைப்பட்ட அந்த ஒரு காலையில் ஓய்வறையில் இருந்தார்.

இதற்கு யாருடைய பெட்டியின் எடை காரணம் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ரசிகர்களையும் கொஞ்சம் நினையுங்கள். மெல்பர்ன், சிட்னி ஆட்டங்கள் நமக்கு விடிகாலை ஐந்து மணிக்கு. மார்கழி மாதம் வேறு. கோயில் ஒலிபெருக்கி முழங்குவதற்கு முன்பே எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகளில் டிவி ஓடியது. வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எழுந்து டெஸ்ட் பார்க்கிறவர்கள் சிக்ஸருக்காகப் பார்க்கவில்லை. போராடித் தோற்றால் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த கூட்டம் இது. தயாராகாமல் போய்த் தோற்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

அஸ்வின் விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட்டுக்கு மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். சுந்தரும் நம்ம ஊர்ப் பையன்தான், அவர் மேல் வருத்தமில்லை. ஆனால் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 113 ரன்னும் ஆறு விக்கெட்டும் எடுத்த அஸ்வின், டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு ஓய்வை அறிவித்துவிட்டு மறுநாள் சென்னை வந்து இறங்குகிறார். 537 விக்கெட். வீட்டு வாசலில் மேளம் அடித்தவர்கள் இருந்தார்கள். ஒரு வழியனுப்பு டெஸ்ட் இல்லை. அவர் எடுத்த முடிவு அது, சரி. ஆனால் தொடரின் நடுவில் ஒருவர் அப்படிக் கிளம்புகிற நிலை எப்படி வந்தது என்று உங்கள் ஆய்வுக் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் எங்களுக்கும் சொல்லலாம். ஐ.பி.எல். ஏலத்தில் எந்த வீரர் எத்தனை கோடிக்குப் போனார் என்பதை நொடிக்கு நொடி சொல்கிறீர்கள், டெஸ்ட் தொடர் ஏன் போனது என்பதை மட்டும் பெயர் சொல்லாத வட்டாரங்கள் வழியாகத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கோரிக்கைக்கு வருகிறேன்.

பயிற்சி ஆட்டம் ஆடினால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் சிட்னியில் மூன்று நாள் ஆட்டங்கள் இரண்டு ஆடிவிட்டுத்தான் அடிலெய்டில் 36-க்குச் சுருண்டோம். ஆனால் அந்தப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்றில், அதே இளஞ்சிவப்புப் பந்தில் பும்ரா அரை சதம் அடித்தார், பந்த் 73 பந்தில் 103 அடித்தார். பந்த் அடுத்த மாதம் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். 2018-இலும் முதல் டெஸ்ட்டுக்கு முன் சிட்னியில் ஓர் ஆட்டம் ஆடினோம், மழையில் ஒரு நாள் போனாலும் ஆடினோம். அந்த இரண்டு தொடர்களையும் வென்றோம். ஆடாமல் போன இந்த முறை என்ன ஆனது என்பது பக்கத்திலேயே இருக்கிறது.

நாள் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐ.பி.எல். மே கடைசி வாரம் முடியும் என்கிறார்கள். லீட்ஸ் ஜூன் 20. நடுவில் மூன்றரை வாரம் இருக்கிறது. இரண்டு ஆட்டத்துக்கு எட்டு நாள். பிளே-ஆஃப் ஆடாத அணிகளின் வீரர்கள் அதற்கும் முன்பே கிளம்பலாம். அட்டவணை போடுவது நீங்கள், அட்டவணையில் இடம் இல்லை என்று சொல்வதும் நீங்களேயா?

வாரியத் தலைவர் ரோஜர் பின்னி அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1986-இல் இதே லீட்ஸில் இங்கிலாந்தை 102-க்குச் சுருட்டியபோது 40 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தவர் நீங்கள். அந்தத் தொடரை 2-0 என்று வென்றோம். அந்தக் காலத்தில் இங்கிலாந்து போனால் ஊர் ஊராகக் கவுண்டி ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் டெஸ்ட்டுக்கு வருவீர்கள். இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் பந்து என்னென்ன செய்யும் என்பதும், அது கைக்குப் பழக எத்தனை நாள் ஆகும் என்பதும் அந்த அலுவலகத்தில் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். ஐந்து டெஸ்ட்களின் தேதிகளையும் போன வருடமே அறிவித்துவிட்டீர்கள். லீட்ஸுக்கு முன் நான்கு நாள் ஆட்டங்கள் இரண்டையும் எந்தக் கவுண்டியோடு, எந்த ஊரில், எந்தத் தேதியில் ஆடப்போகிறோம் என்பதையும் ஐ.பி.எல். தொடங்குவதற்குள் அறிவித்துவிடுங்கள். பத்து விதிகளோடு பதினொன்றாவதாகச் சேர்த்தாலும் சரி, தனித் தாளில் வந்தாலும் சரி.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு டெஸ்ட் ரசிகன்,
திருச்சி.
பிப்ரவரி 2025