பழைய ஆட்டுச் சந்தைக் காணியை மோட்டர்ஹோம் தரிப்பிடமாக்கித் தாருங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர்,
தென் தீவில் மோட்டர்ஹோம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்.

பெறுநர்:
மேயர் அவர்களும் உறுப்பினர்களும்,
மாவட்ட கவுன்சில்,
தென் தீவு, நியூசிலாந்து.

பொருள்: கவுன்சிலுக்குச் சொந்தமான வெறுங்காணியை, சுயவசதி கொண்ட (தண்ணீரும் கழிவறையும் உள்ளேயே இருக்கும்) மோட்டர்ஹோம் வண்டிகளுக்குக் குறைந்த கட்டணத்தில், மோட்டர் கரவன் சங்க உறுப்பினர் தரிப்பிடமாகக் குத்தகைக்கு விடுமாறு கோருதல்.

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கு,

நம் ஊரின் தெற்கு எல்லையில், ரயில் பாதைக்கும் பிரதான வீதிக்கும் நடுவில், பழைய ஆட்டுச் சந்தைக் காணி கிடக்கிறது. கடைசி ஏலம் நடந்து பல வருடங்களாகின்றன. பட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லொறிகள் திரும்புவதற்காகப் போட்ட சரளைத் தரை மட்டும் இன்றைக்கும் இறுகிக் கிடக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் சில்லுப் புதையாது. வருடத்துக்கு இரண்டு தரம் புல் வெட்டுவதைத் தவிர அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அந்தக் காணியைப் பற்றித்தான் இந்த மனு. ஆங்கிலப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறோம். கையெழுத்திடும் எல்லோரும் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக முதலில் தமிழில் எழுதினோம்.

நானும் மனைவியும் 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து கிறைஸ்ட்சேர்ச் வந்து சேர்ந்தவர்கள். அப்போது நகரின் கிழக்குப் பக்கத்தில்தான் வீடு. 2011 பெப்ரவரி 22 நிலநடுக்கத்தில் எங்கள் பகுதியின் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்துபோயின. வீதி ஓரங்களில் தற்காலிகக் கழிவறைகளை நிறுத்தினார்கள். பிறகு வீடுகளுக்கு இரசாயனக் கழிவறைகள் கொடுத்தார்கள். அதன் பெட்டி நிரம்பியதும் கையில் தூக்கிக்கொண்டுபோய், வீதி மூலையில் வைத்திருந்த தாங்கிக்குள் கொட்டிவிட்டு வருவோம். மாதக்கணக்கில் அப்படித்தான் காலம் போனது. ஒரு குடும்பத்தின் கழிவை மணக்காமல், சிந்தாமல், மண்ணில் ஒரு சொட்டும் விழாமல் பத்திரமாக வைத்திருந்து உரிய இடத்தில் சேர்க்க முடியும் என்று நாங்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினோம். அதற்குள் இருந்த கழிவறையைப் பார்த்ததும் மனைவி, "இது எங்களுக்குப் பழகினதுதானே" என்றாள்.

சுயவசதி என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பது கவுன்சிலுக்குத் தெரியும். ஆனால் இந்த மனுவைப் பார்க்கும் அயலவர்கள் பலருக்குத் தெரியாது. வண்டிக்குள் மூன்று நாள் இருப்பவர்கள் வெளியே எதையும் கொட்டாமல் இருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு 12 லீற்றர் நல்ல தண்ணீர், பாவித்த தண்ணீரைச் சேர்த்துவைக்க அதே அளவு தாங்கி, மணம் திரும்பி வராத குழாய் பொருத்திய பேசின், மூடியுள்ள குப்பைத் தொட்டி, இவை எல்லாம் வேண்டும். 2023 யூன் 7 இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கழிவறை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தியதாக இருக்க வேண்டும். கட்டிலை விரித்த பிறகும் அதைப் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பரிசோதித்துச் சான்றிதழ் தந்த பிறகுதான் பச்சை அட்டை கிடைக்கும். எத்தனை பேர் உள்ளே படுக்கலாம் என்பதும் அதில் எழுதியிருக்கும். வண்டிக்குள் கழிவறையைப் பொருத்தவும் தாங்கிகளை மாற்றவும் நாங்கள் எல்லோரும் காசு செலவழித்திருக்கிறோம். அதைப்பற்றி முறைப்பாடு இல்லை. புதருக்குள் ஒதுங்குகிறவர்களால் ஊர்கள் பட்ட பாட்டை நாங்களும் பார்த்தவர்கள்தான். சட்டம் கேட்டதை எல்லாம் செய்துவிட்டோம். இரவில் எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் இன்னும் வழி இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம். மனைவியின் சிகிச்சைக்காக டனிடின் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். டனிடினிலிருந்து கிறைஸ்ட்சேர்ச் வரை முதலாம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 360 கிலோமீற்றர். இடையில் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் தூங்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை. நிறுத்தி, சூப் சூடாக்கி, மனைவியைப் படுக்கவைத்த பிறகு கதவில் தட்டுக் கேட்டது. அந்த மாதத்திலிருந்து அங்கே இரவில் தங்க முடியாது என்று காவலுக்கு வந்தவர் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். புதுப் பலகையை இருட்டில் நாங்கள் கவனிக்கவில்லை. அருகே இருந்த, காசு கட்டி வண்டியோடு தங்கும் கரவன் பூங்கா குளிர்காலத்துக்கு மூடியிருந்தது. மருந்து மயக்கத்தில் இருந்தவளை எழுப்பி, பெல்ட் போட்டு, நடு இரவு வரை ஓட்டினேன். தெருவில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். ஒரு வளைவில் பின் சில்லுகள் வழுக்கின. வண்டி தானாகவே நேரானது. அவள் அதைப் பற்றி இன்றைக்கும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் மறக்கவில்லை. கழிவறை, தண்ணீர், கட்டில், வெப்பம் எல்லாம் எங்களிடம் இருந்தது. நிறுத்துவதற்கு ஏழு மீற்றர் தரை மட்டும் கிடைக்கவில்லை.

அந்தத் தரையைத்தான் நம் ஊரிலாவது தாருங்கள் என்று கேட்கிறோம்.

இது புது யோசனை அல்ல. நியூசிலாந்து மோட்டர் கரவன் சங்கம் 1956 இல் தொடங்கியது. இன்று அதில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காணிகளைச் சொந்தமாக வாங்கியும், கவுன்சில்களிடமும் மற்றவர்களிடமும் குத்தகைக்கு எடுத்தும் நாட்டின் இரண்டு தீவுகளிலும் தரிப்பிடங்களை நடத்துகிறது. ஓர் ஆளுக்கு இரவுக்குச் சில டொலர்கள்தான். அங்கே நீச்சல் குளமோ பொதுக் குசினியோ இல்லை. பல இடங்களில் மின்சாரமும் இல்லை. தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், அறிவித்தல் பலகை, பதிவுப் புத்தகம், இவ்வளவே. செலவு குறைவாக இருப்பதால்தான் கட்டணமும் குறைகிறது. அதனால்தான் 65 வயதில் தொடங்கும் அரச ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவர்களும் தொடர்ந்து பயணம் செய்ய முடிகிறது.

"உறுப்பினர் மட்டும்" என்ற சொல் சிலருக்குப் பிடிக்காது. ஊர்க் காணியை ஒரு கூட்டத்துக்கு ஒதுக்குவதா என்று போன மாதம் நூலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திறந்த தரிப்பிடத்தில் யார் வந்தார், யார் குப்பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. உறுப்பினர் தரிப்பிடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் உறுப்பினர் இலக்கம் உண்டு. வந்தவர் பெயரைப் பதிய வேண்டும். ஒழுங்கு மீறுகிறவர் மீது சங்கத்திடம் முறையிடலாம், அங்கத்துவத்தையே இழக்க நேரலாம். அங்கத்துவம் போனால் இந்த ஊரில் மட்டுமல்ல, நாட்டில் உள்ள எல்லாத் தரிப்பிடங்களிலும் கதவு மூடும். அப்படி ஒரு கட்டு இருப்பதால்தான் காவலாளியும் கமராவும் இல்லாமல் இந்த இடங்கள் துப்புரவாக இருக்கின்றன. அங்கத்துவம் எவருக்கும் மூடிய வாசலும் அல்ல. யாழ்ப்பாணத்தானான என்னை முதல் நாளே தேநீர் தந்து உட்காரவைத்தவர்கள் இன்வெர்கார்கில் பக்கத்து விவசாயத் தம்பதியர்.

அடுத்தது, நம் ஊரில் கரவன் பூங்கா நடத்தும் குடும்பத்தின் கவலை. அவர்கள் பிழைப்பில் கை வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. பேரப்பிள்ளைகள் வரும்போது நாங்களே அங்கே இடம் எடுக்கிறோம்: சுடுதண்ணீர்க் குளியல், ஊஞ்சல், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் வேண்டியிருக்கும். தரிப்பிடத்துக்கு வரப்போகிறவர்கள் இப்போது அந்தப் பூங்காவுக்குப் போகாமல் ஊரையே தாண்டிப் போகிறவர்கள். அவர்கள் நின்றால் டீசல் அடிப்பார்கள், இறைச்சிக் கடைக்குப் போவார்கள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவார்கள். குடும்பத்துக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், பள்ளி விடுமுறைக் கோடை வாரங்களில் தரிப்பிடத்தில் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற நிபந்தனையைக்கூட நாங்கள் ஏற்போம். அவர்களையும் பேச்சுக்கு அழைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோளின் ஒரு பகுதி.

சட்டத்தில் உள்ள சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1985 ஆம் ஆண்டின் முகாம் ஒழுங்குவிதிகள், இத்தனை பேருக்கு இத்தனை கழிவறை, இத்தனை குளியலறை, சமையல் இடம் என்று கணக்கு வைத்திருக்கின்றன. கூடாரம் அடித்தவர்களுக்கு அந்தக் கணக்கு அவசியம். கழிவறையைக் கூடவே கொண்டுவரும் வண்டிக்கு முன்னால் இன்னொரு கழிவறைக் கட்டடத்தைக் கட்டுவது வீண் செலவு. அந்தச் செலவை வாடகையில் சேர்த்தால் குறைந்த கட்டணம் என்ற பேச்சே போய்விடும். விலக்குச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் உள்ளூர்க் கவுன்சிலுக்கு அதே விதிகளில் இருக்கிறது. வேறு மாவட்டங்கள் அதைப் பாவித்திருக்கின்றன. வள அனுமதி, அதாவது காணியைப் பாவிப்பதற்கு 1991 ஆம் ஆண்டு வள முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் பெறும் அனுமதி, தேவைப்பட்டால் அந்த வழியில் போகவும் தயார்.

அப்புறம் ஓடை. காணியின் கிழக்கு வேலிக்கு அப்பால் அது ஓடுகிறது. மனிதக் கழிவு ஓடும் தண்ணீரில் கலப்பது இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மனதை மிக ஆழமாகப் புண்படுத்தும் விஷயம். தீர்த்தக் கிணற்றில் கால் கழுவினாலே பொறுக்காத ஊரில் வளர்ந்த எனக்கு அந்த உணர்வு நன்றாக விளங்குகிறது. ஆகையால் திட்டம் வரைவதற்கு முன்பே இந்த மண்ணின் மக்களான ங்காய் தாஹுவின் உள்ளூர்ச் சபையுடன் பேசுங்கள். ஓடைப் பக்கம் வண்டிகளே நிற்காத ஒரு கரை விடப்படட்டும். அங்கே ஹரகெகெ எனப்படும் நியூசிலாந்து ஆளிப் புதர்களை நடும் வேலைக்கு எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. ஆட்டுச் சந்தைக் காணியைக் குறைந்தது பத்து வருடக் குத்தகைக்கு விடுவது குறித்து மோட்டர் கரவன் சங்கத்துடன் பேச்சைத் தொடங்குங்கள். 1985 விதிகளின் கீழ் விலக்குச் சான்றிதழுக்கான சாத்தியத்தை அதிகாரிகள் ஆராய்ந்து அறிக்கை தரட்டும். கழிவு கொட்டும் நிலையம் ஒன்றை ஊர்க் கழிவுநீர்க் குழாயோடு இணைத்து, வாசலுக்கு வெளியே அமையுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களும் அதைப் பாவிக்கட்டும், ஏனென்றால் கொட்ட இடம் இல்லாதவர்தான் தவறான இடத்தில் கொட்டுகிறார். ஆரம்பத்தில் 20 வண்டிகள் போதும். தீப்பிடித்தால் பரவாதபடி வண்டிக்கு வண்டி மூன்று மீற்றர் இடைவெளி, மின்பிறப்பாக்கி இரவில் இயங்கத் தடை, நாய் கயிற்றில், யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காதபடி தங்கும் நாட்களுக்கு எல்லை. இவற்றைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரு வருடம் நடத்திப் பார்த்து, அயலவர்களைக் கேட்டு, பிறகு தொடர்வதைத் தீர்மானிக்கலாம்.

சரளைத் தரை ஏற்கெனவே இருக்கிறது. வாசலும் இருக்கிறது, பூட்டுத்தான் துருப்பிடித்துவிட்டது. தண்ணீர்க் குழாய் வீதி ஓரம் வரை வந்திருக்கிறது.

கவுன்சிலின் அடுத்த பொதுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நானும் மனைவியும் வருவோம். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் விரும்பினால், வெளியே நிறுத்தியிருக்கும் எங்கள் வண்டிக்குள் ஏறி, தாங்கிகளையும் கழிவறையையும் பச்சை அட்டையையும் நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையெழுத்திட்டுள்ள குடும்பங்கள்.

இணைப்பு: ஆங்கிலப் பிரதி, காணியின் கைவரைபடம், கையெழுத்துப் பட்டியல்.