வெள்ளத்தில் நீந்திய சுறா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொய்ச் செய்திகளை அடையாளம் காண மாணவர்களைப் பழக்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா பார், தளத்தில் முகவரி போட்டிருக்கிறார்களா பார், படம் தெளிவாக இருக்கிறதா பார் என்று அதன் ஓரத்தில் கட்டம் கட்டிச் சில குறிப்புகள் கொடுத்திருந்தீர்கள். பள்ளி நூலகப் பொறுப்பில் இருந்தபோது இதே பட்டியலை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டி வைத்திருந்தவள் நான். பிறகு நானே கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2017-இல் ஹார்வி புயலால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் மூழ்கியபோது, வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் ஒரு சுறா நீந்திப் போகும் போட்டோ உலகமெங்கும் பரவியது. ஒன்பதாம் வகுப்புக்கு அதைப் போட்டுக் காட்டி, கையில் அந்தப் பட்டியலையும் கொடுத்தேன். பிள்ளைகள் படத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, சுறாவைச் சுற்றித் தண்ணீர் சுழிக்கிறதா என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி. கடைசியில் பெரும்பாலோர், “உண்மைதான் மிஸ்” என்றார்கள்.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் படத்தைச் சட்டை செய்யவே இல்லை. நூலகக் கணினியில் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சொன்ன வேலையை விட்டுவிட்டு அங்கே என்ன என்று அதட்டினேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே சுறா 2011-இல் ஐரீன் புயலின்போது புவேர்ட்டோ ரிக்கோ சாலையிலும் நீந்தியிருந்தது! தென்னாப்பிரிக்கக் கடலில் துடுப்புப் படகில் போகும் ஒருவரைப் பின்தொடர்ந்து வரும் சுறாவை தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக்காரர் எடுத்திருக்கிறார். அந்தப் படத்திலிருந்து மீனை மட்டும் வெட்டியெடுத்து ஊர் ஊராக விட்டிருக்கிறார்கள். அவள் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் செய்ததைத்தான் ஆய்வாளர்கள் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள் என்று பின்னாளில் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்று அறிஞர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், செய்தி சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். படித்துப் பட்டம் வாங்கிய அறிஞர்களில் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் புரட்டி, பகட்டான பெயரிலும் சின்னத்திலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை அதிகம் படிக்காமலே வெளியேறி, இந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். பொய் சொல்கிறவன் முகவரியும் போடுவான், பிழையில்லாமலும் எழுதுவான். அவன் கடையில் நின்றுகொண்டே அவன் சரக்கை எடைபோடச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இத்தனை காலம் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

2019-இல் வெளியான இன்னொரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேருக்குத் தேர்தல் மோசடி என்று ஒரு வீடியோவைக் காட்டினார்கள். இணையத்தில் தேடிப் பார்க்கவும் வசதி இருந்தது. அது உள்நாட்டு மோசடிக்கு வலுவான சான்று என்றவர்கள் 52 சதவீதம். வீடியோ உண்மையில் ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. அதன் மூலத்தைத் தேடிப் பிடித்தவர்கள் வெறும் 3 பேர்.

சுறா பாடத்தை ஆண்டுதோறும் நடத்தினேன். அதில் எனக்கு இரண்டாவது அடி 2022-இல் விழுந்தது. இயான் புயலின்போது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸில், வெள்ளம் புகுந்த வீட்டுப் பின்புறத்தில் சுறா போன்ற மீன் ஒன்று துள்ளும் வீடியோ வந்தது. போட்டுக் காட்டிய உடனே வகுப்பு முழுக்க ஒரே குரல்: “பொய் மிஸ்! பழைய சுறா!” யாரும் தேடவில்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மூலக் கோப்பையே வாங்கிச் சோதித்திருந்தது. அன்று அங்கேயே எடுத்த வீடியோதான். மீன் என்ன இனம் என்பதில்தான் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு. அதே வாரம் ஒரு பையன், மனிதன் நிலவில் நிற்கும் படத்தைக் காட்டி, “இதுவும் எடிட் பண்ணதுதானே?” என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவனுக்குத் தேடக் கற்றுக்கொடுக்கவில்லை, உதட்டைப் பிதுக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அதன்பிறகு பாடத்தை மாற்றினேன். பத்துச் செய்தி கொடுத்தால் அதில் குறைந்தது ஆறு உண்மையாக இருக்கும். பொய் என்று சொன்னாலும் உண்மை என்று சொன்னாலும், எங்கே போய்ப் பார்த்தாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

உங்கள் கட்டுரையிலும் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்ததாக 1938-இல் ஒலிபரப்பான வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடி வந்தது என்று முதல் பத்தியில் எழுதியிருந்தீர்கள். பயந்தவர்கள் சிலர் இருந்தது உண்மை. ஆனால் அன்றிரவு 5,000 வீடுகளில் தொலைபேசி மூலம் எடுத்த கணக்கெடுப்பில், அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம்தான். நாடே அலறியது என்று ஊதிப் பெருக்கியவை, வானொலியிடம் விளம்பரத்தை இழந்துகொண்டிருந்த அன்றைய நாளிதழ்கள்.

இதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வரி விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் வேண்டாம். அதே ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டம் இருந்த இடத்தில் போட்டால், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதையும் இரண்டு வரி சேர்த்தால், வெட்டியெடுத்து என் பழைய பள்ளிக்கு அனுப்பிவைப்பேன். சுவரில் அட்டை இருந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி நூலக ஆசிரியை ஒருவர்